"சும்மா விழுது" என்பது ஒரு காரணம் இல்லை



இந்த எபிசோட்டில் வீட்டு சேர்வர்களைப் பற்றிக் கதைத்தோம். நேரம் போதாமல் விட்ட ஒரு விஷயம் இருக்கு. உங்களிடமிருந்து எனக்கு அடிக்கடி வரும் கேள்வியும் அதுதான்: "அண்ணா, என்ர ப்ரொக்ஸ்மொக்ஸ் பெட்டி கிழமைக்கு ஒருக்கா தன்பாட்டில ரீஸ்டார்ட் ஆகுது. லொக்கில ஒண்டும் இல்லை. ராமை மாத்தவோ, இல்லாட்டி எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுத் திரும்ப இன்ஸ்டோல் பண்ணவோ?"

என் பதில் உங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். ராமும் வேண்டாம், இன்ஸ்டோலும் வேண்டாம். முதலில் ஒரு கொப்பியை எடுங்கோ.

"ரேண்டமா விழுது" என்று சொல்லும்போது ஏதோ காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டது போல ஒரு உணர்வு வரும். உண்மையில் நாங்கள் சொன்னது இவ்வளவுதான்: எப்போது விழுகிறது, என்ன செய்துகொண்டிருக்கும்போது விழுகிறது என்று இன்னும் ஒருவரும் எழுதி வைக்கவில்லை. விழுகிற சேர்வரில் எதையும் மாற்ற முதல், அது விழுந்ததற்கான தடயம் பிழைத்திருக்க வழி செய்ய வேணும். இந்தக் கடிதத்தில் நான் வாதாடப் போவது இதற்காகத்தான். தடயம் இல்லாமல் செய்யும் திருத்தம் எல்லாம் குருட்டாம்போக்குத்தான். சரிவந்தாலும் ஏன் சரிவந்தது என்று தெரியாது.

முதல் இரவு: படங்களைக் காப்பாற்றுங்கோ

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கு என்று ஒருக்கா யோசியுங்கோ. பை-ஹோலும் ஜெல்லிஃபினும் போனால் போகட்டும், பிறகு போடலாம். ஆனால் எங்களில் பலர் அதே பெட்டியில்தான் வீட்டுப் படங்களையும் வைத்திருக்கிறோம். அப்பா ஊரிலிருந்து ஒரு பையில் கொண்டுவந்த பத்துப் பன்னிரண்டு கறுப்பு வெள்ளைப் படங்களின் ஸ்கேன். விஎச்எஸ் கசற்றிலிருந்து மாற்றிய மாமியின் கல்யாண வீடியோ. இடம்பெயர்ந்து வந்த வீடுகளில் நெகட்டிவ் என்று ஒன்று இருக்காது. கசற்றும் பூஞ்சணம் பிடித்திருக்கும். அந்த ஃபைல்தான் மிஞ்சியது.

ராம் பழுதென்றால் சேர்வர் விழுவது மட்டும் பிரச்சினை இல்லை. விழாத நேரத்திலும் அது பிழையான பிற்றுகளை டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கலாம். இசட்எஃப்எஸ் செக்சம் பார்க்கும் என்பது உண்மைதான். ஆனால் செக்சம் போடுவதற்கு முன்பே மெமரியில் பிழைத்துப்போன தரவுக்கு அது சரியான செக்சத்தைப் போட்டு வைத்துவிடும். பிறகு உங்கள் பேக்கப்பும் அதே பிழையைப் பத்திரமாகக் கொப்பி எடுக்கும்.

இது அபூர்வமான விஷயம் இல்லை. எங்கள் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் பியங்கா ஷ்ரோடர், கூகிள்காரர் இருவரோடு சேர்ந்து 2009 இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். கூகிளின் சேர்வர் கூட்டத்தை இரண்டரை ஆண்டுகள் கவனித்த ஆய்வு அது. ஆண்டொன்றுக்கு 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட ராம் ஸ்டிக்குகளில் பிழை பதிவானது. மெஷின் கணக்கில் பார்த்தால் ஏறத்தாழ மூன்றில் ஒன்று. அந்த சேர்வர்களில் பிழையைப் பிடிக்கும் ஈசிசி மெமரி இருந்தது. உங்கள் மினி பிசியில் பெரும்பாலும் அது இல்லை. பிழை வந்தாலும் சொல்ல ஆளில்லை.

ஆகவே நோயைத் தேட முதல், படங்களின் ஒரு பிரதி அந்தப் பெட்டிக்கு வெளியே, பிளக் கழற்றிய ஒரு டிஸ்க்கில் இருக்கட்டும். பழைய பேக்கப்புக்கு மேலே எழுதாமல் புதிதாக ஒன்று எடுங்கோ. அதிலிருந்து சில ஆல்பங்களைத் திறந்து வடிவாகப் பாருங்கோ. இதைச் செய்த பிறகு சேர்வர் எத்தனை தரம் விழுந்தாலும் பரவாயில்லை. உண்மையில் இனி அது விழத்தான் வேணும். ஒவ்வொரு விழுகையும் எங்களுக்குத் தகவல்.

விழுந்தது எது?

"சேர்வர் விழுந்துட்டுது" என்ற ஒரே வசனத்துக்குள் குறைந்தது ஐந்து வேறு சம்பவங்கள் ஒளிந்திருக்கு.

ஒன்று, சேர்வர் விழவே இல்லை, நெற்வேர்க் மட்டும் போயிருக்கு. இன்டெல்லின் சில நெற்வேர்க் சிப்புகள் ஈ1000ஈ என்ற டிரைவரோடு ஓடும்போது "ஹார்ட்வேர் யூனிட் ஹாங்" என்று லொக்கில் எழுதிவிட்டு நின்றுபோவது ப்ரொக்ஸ்மொக்ஸ்காரர் பலருக்குப் பழகிய கதை. பெட்டி உயிரோடு இருக்கும், உங்களால்தான் உள்ளே போக ஏலாது. ஒரு மொனிட்டரையும் கீபோர்டையும் செருகிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் விளங்கும். பவர் பட்டனை அமத்திப் பிடித்தால் அந்த வித்தியாசம் அழிந்துவிடும். காட்டிலுள்ள சில ஓஃப்லோட் அம்சங்களை நிறுத்தி வைப்பதே பலருக்குப் போதுமாக இருந்திருக்கு.

இரண்டு, ஹோஸ்ட் நல்ல சுகமாக இருக்கு, ஒரு விஎம் மட்டும் செத்துக் கிடக்கு. மெமரி முடிந்துபோனால் லினக்ஸ் கேர்னல் ஒரு பெரிய ப்ரொசஸைத் தேடிக் கொல்லும். வீட்டு சேர்வரில் பெரிய ப்ரொசஸ் என்றால் அது பெரும்பாலும் உங்கள் விஎம்தான். இசட்எஃப்எஸ் தன் கேஷுக்கு மொத்த ராமில் பாதி வரை எடுப்பது லினக்ஸில் நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. ப்ரொக்ஸ்மொக்ஸ் 8.1 முதல் புதிதாக இன்ஸ்டோல் செய்தால் 10 சதவீதம், உச்சம் 16 ஜிபி என்று கட்டுப்படுத்துகிறார்கள். பழையதிலிருந்து அப்கிரேட் பண்ணி வந்தவர்கள் அந்த எண்ணை ஒருக்கா பார்க்க வேணும். கொலை நடந்திருந்தால் "அவுட் ஒஃப் மெமரி" என்று ஹோஸ்ட் லொக்கிலேயே இருக்கும். விஎம்முக்குள் தேடினால் கிடைக்காது.

மூன்று, சேர்வர் தன்னைத்தானே வேண்டுமென்றே ரீஸ்டார்ட் செய்கிறது. இரண்டு மினி பிசிகளை கிளஸ்டராகக் கட்டி, ஹை அவைலபிலிற்றியையும் போட்டு வைத்தவர்கள் கவனியுங்கோ. இருவருக்கும் இடையிலான தொடர்பு அறுந்தால் பெரும்பான்மை யாரிடமும் இல்லை. ஒரே விஎம் இரண்டு இடத்தில் ஓடிவிடக் கூடாது என்பதற்காக, ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் வாட்ச்டோக் அந்தப் பெட்டியை ரீஸ்டார்ட் பண்ணும். இது பழுதே இல்லை, சொன்ன வேலையைச் செய்கிறது. இதற்கு ராம் மாற்றி என்ன பலன்? ஐந்து டொலர் சுவிட்ச் ஒன்று தடக்கினாலும் இப்படி நடக்கும். மூன்றாவது வாக்குக்கு ஒரு சின்ன மெஷின் வைப்பதுதான் வழி.

நான்கு, கேர்னல் பானிக். ஐந்து, ஒரு சொல்லும் இல்லாமல் கரண்டை வெட்டினது போல நிற்பது. இந்த ஐந்தாவதுதான் பவர் சப்ளை, சிபியு, ராம், மதர்போர்ட் பக்கம் கை காட்டும். நாங்களோ எந்த விழுகையையும் முதல் நாளே இந்த ஐந்தாவது என்று முடிவெடுத்து பாகம் வாங்கப் போகிறோம்.

அதைப் பேச வையுங்கோ

"லொக்கில் ஒன்றும் இல்லை" என்று சொல்பவர்களில் பாதிப்பேர் இப்போதைய பூட்டின் லொக்கைத்தான் பார்த்திருப்பார்கள். சிஸ்டம்டி ஜேர்னலிடம் முந்தைய பூட்டைக் கேட்க வேணும், அதுவும் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி. முந்தைய பூட் காட்டவில்லை என்றால் ஜேர்னலை நிரந்தரமாகச் சேமிக்கும்படி முதலில் மாற்றுங்கோ.

அதுவும் போதாது. சாகிற கேர்னலால் தன் கடைசி வார்த்தையை டிஸ்க்கில் எழுத முடியாமல் போகலாம். அதற்குத்தான் நெற்கன்சோல் இருக்கு. கேர்னல் செய்திகளை யுடிபி வழியாக இன்னொரு கணினிக்கு உடனுக்குடன் அனுப்பும். மேசை லாச்சியில் தூங்கும் பழைய ராஸ்பெரி பை போதும். அங்கே பானிக் செய்தி வந்து விழுந்தால், எந்த டிரைவர், எந்த மொடியூல் என்று கையில் ஒரு நுனி கிடைக்கும். ஒன்றுமே வராமல் திடீரென அமைதியானால் அதுவும் ஒரு சாட்சியம்தான். கேர்னலுக்கே தான் சாகிறது தெரியாமல் செத்திருக்கு, ஹார்ட்வேர் பக்கம் பார் என்று அர்த்தம். கூடவே ராஸ்டீமனைப் போட்டால் சிபியுவும் மெமரியும் அறிவிக்கும் பிழைகள் பதிவாகும். யுபிஎஸ் இருந்தால் அதன் லொக்கையும் எடுங்கோ.

இப்போது கொப்பி. ஆறு பத்தி: திகதி, நேரம், அப்போது ஓடிய வேலை, மொனிட்டரில் தெரிந்தது, லொக்கின் கடைசி வரி, அதற்கு முதல் நான் மாற்றியது. கடைசிப் பத்தி பெரும்பாலும் காலியாக இருக்க வேணும்.

என் பேஸ்மென்ட்டில் இருக்கும் மினி பிசி 49 நாட்களில் 11 தரம் விழுந்தது. வீட்டு டிஎன்எஸ் அதில்தான் ஓடுது. அது விழுந்தால் வீட்டில் இன்ரர்நெற் இல்லை. கிளையன்ட் மீற்றிங்கில் இருக்கும்போது அம்மாவின் கோல் வரும்: "தம்பி, நெற் வேலை செய்யேல்லை. உன்ர பெட்டி திரும்பவும் படுத்திட்டுது போல." அம்மாவின் கோல் எனக்கு நல்லதொரு மொனிட்டரிங் அலேர்ட். ஆனால் நேரத்தை அது பிழையாகச் சொன்னது. கொப்பியைப் பார்த்தால் 11 இல் 9 விழுகை அதிகாலை 2 மணிக்கும் 5 மணிக்கும் இடையில். அம்மா எழும்பும்போது பெட்டி எத்தனையோ மணி நேரமாகச் செத்துக் கிடந்திருக்கு.

என் நண்பன் உடனே பேக்கப்பில் பழி போட்டான். பேக்கப் 1 மணிக்குத் தொடங்கி 1.40க்கு முடிந்துவிடும். அதற்குப் பிறகுதான் விழுகிறது. கூட்டாளிகள் இன்னும் இருந்தார்கள். அதே சுவரில்தான் எங்கள் மீன் ஃப்ரீஸரும் செருகியிருக்கு, கொம்ப்ரெஸர் எடுக்கும்போது கரண்ட் இறங்குதோ? யுபிஎஸ் லொக்கில் அப்படி ஒன்றும் இல்லை. மெம்டெஸ்ட் இரவு முழுக்க ஓடியும் பிழை இல்லை. சிபியுவை ஆறு மணித்தியாலம் முழு லோடில் வருத்தினேன், அசையவில்லை. நெற்கன்சோலில் சத்தமே இல்லை. இத்தனையையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது கேள்வி தலைகீழானது. வேலை செய்யும்போது சுகமாக இருக்கிறது, சும்மா இருக்கும்போதுதான் சாகிறது.

சும்மா இருக்கும் சிபியு உண்மையில் சும்மா இருப்பதில்லை. மின்சாரம் மிச்சம் பிடிக்க, சி-ஸ்டேட் என்ற படிகளில் மேலும் மேலும் ஆழமாகத் தூங்கப் போகும். அந்த ஆழத்தில் வோல்டேஜ் மிகவும் குறையும். சில பவர் சப்ளைகளும் போர்ட்களும் அந்தக் குறைந்த நிலையிலிருந்து எழும்பும்போது தடுமாறும். 2017 இல் வந்த முதல் தலைமுறை ரைசன்களில் இது பெயர் பெற்ற பிரச்சினை. அதற்காகவே பயோஸில் "பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்" என்று ஒரு தெரிவு வந்தது. என் பயோஸில் ஆழமான சி-ஸ்டேட்டை மட்டும் நிறுத்தினேன். சுவர் மீட்டரில் 3 வாட் கூடியது. விழுகை நின்றது.

நின்றது என்று எப்போது சொல்லலாம்?

இந்த இடத்தில்தான் அனேகமானோர் அவசரப்படுகிறார்கள். "பயோஸ் அப்டேட் போட்டேன், மூன்று நாளாக விழவில்லை, சரிவந்துட்டுது" என்று எழுதுகிறார்கள். கணக்கைப் பாருங்கோ. 49 நாளில் 11 விழுகை என்றால் சராசரி இடைவெளி நாலரை நாள். ஒன்றையுமே திருத்தாமல் விட்டாலும், மூன்று நாள் அமைதியாகப் போவதற்கு வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஒரு முழு இடைவெளி அமைதி தற்செயலாக வர 37 சதவீத வாய்ப்பு. இரண்டு இடைவெளிக்கு 14. மூன்று இடைவெளிக்கு 5 சதவீதம்.

என் விதி இதுதான்: சராசரி இடைவெளியின் மூன்று மடங்கு காத்திருங்கோ. எனக்கு அது 14 நாள். காத்திருந்தேன், விழவில்லை. பிறகு ஒரு வேலை செய்தேன், அதைக் கேட்டு என் நண்பன் தலையில் அடித்துக்கொண்டான். சி-ஸ்டேட்டைப் பழையபடி திறந்துவிட்டேன். நான்காம் இரவு விழுந்தது. திரும்ப நிறுத்தினேன். இன்றோடு ஐந்து மாதம், ஒரு விழுகை இல்லை. நோயைத் திரும்ப வரவழைக்க முடிந்தால்தான் மருந்து எதுவென்று தெரிந்ததாக நான் ஏற்றுக்கொள்வேன்.

"நேரம்தானே காசு?"

எதிர்வாதம் எனக்குத் தெரியும். நான் மணித்தியாலக் கணக்கில் கூலி வாங்குகிற கொன்ட்ராக்டர். ஒரு ஜோடி ராம் ஸ்டிக்கின் விலை என் இரண்டு மணித்தியாலக் கூலியை விடக் குறைவாக இருக்கும். ஐந்து சந்தேகம், ஒவ்வொன்றுக்கும் 14 நாள் என்றால் 70 நாள். அதற்குப் பதில் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு நிம்மதியாகப் படுக்கலாமே? சட்பொட்டைக் கேட்டால் பத்து செட்டிங் அடுக்கித் தரும், பத்தையும் போட்டால் போச்சு.

இதில் ஒரு நியாயம் இருக்கு. எண்பது டொலர் பெட்டிக்கு எண்பது மணி நேரம் செலவழிக்கச் சொல்லவில்லை. தொடங்கும்போதே ஒரு எல்லை போடுங்கோ: இத்தனை கிழமை, இத்தனை டொலர், அதற்கு மேல் பெட்டியை மாற்றுவது. ஆனால் காத்திருப்பது உழைப்பு இல்லை. அந்த 14 நாளில் என் வேலை காலையில் கொப்பியைத் திறந்து ஒரு வரி எழுதுவதுதான். சந்தேகங்களையும் சும்மா வரிசைப்படுத்துவதில்லை. தடயம் எதைக் காட்டுகிறதோ அது முதலில், செலவில்லாதது அதற்கும் முதலில். எனக்கு மூன்று சந்தேகம் கொப்பியிலேயே செத்துப்போனது, ஒரு நாளும் காத்திருக்கவில்லை.

பத்தையும் ஒரேயடியாக மாற்றினால் இரண்டு முடிவுதான் வரும். விழுகை நின்றால் தேவையில்லாத ஒன்பது மாற்றத்தைக் காலம் முழுக்கச் சுமப்பீர்கள். நிற்காவிட்டால் பழைய நோயா, புதிதாக நீங்கள் கொண்டுவந்ததா என்று பிரிக்க ஏலாது.

பாகம் மாற்றுவதால் நோய் தீரும் என்ற நம்பிக்கைக்கும் 2024 ஒரு நல்ல பாடம் தந்தது. இன்டெல்லின் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டொப் சிப்புகள் சில, கேம்களில் வீடியோ மெமரி போதாது என்ற செய்தியோடு விழுந்தன. செய்தி கிராஃபிக்ஸ் கார்ட்டைக் கை காட்டியது, நோயோ சிபியுவில். அளவுக்கு மிஞ்சிய வோல்டேஜால் சிப் நாளடைவில் தேய்ந்துகொண்டிருந்தது. அந்த ஆகஸ்டில் மைக்ரோகோட் திருத்தம் வந்தது, வொறண்டி இரண்டு ஆண்டு நீட்டப்பட்டது. ஆனால் ஏற்கனவே தேய்ந்த சிப்பை எந்தத் திருத்தமும் மீட்காது. அந்தத் தலைமுறைப் பெட்டியை செகண்ட் ஹாண்டாக வாங்கி சேர்வராக்க யோசிப்பவர்கள் இதை மனதில் வையுங்கோ. பிழைச் செய்தி சொல்லும் இடமும் பிழை இருக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

கையை வைக்கிறவர் யார்?

1985 இல் ஜிம் கிரே, கணினிகள் ஏன் நிற்கின்றன என்றொரு கட்டுரை எழுதினார். அவர் பார்த்தது டான்டம் மெஷின்கள், ஹார்ட்வேர் பழுதைத் தாங்கவே கட்டப்பட்டவை. அங்கே நிகழ்ந்த நிறுத்தங்களில் 42 சதவீதம் நிர்வாகத்தால், அதாவது மனிதர் இயக்கியதாலும், கொன்ஃபிக் மாற்றியதாலும், பராமரித்ததாலும் வந்தவை. சொஃப்ட்வேர் 25, ஹார்ட்வேர் 18. தேடப் போனால் மறைகிற பிழைக்கு ஹைசன்பக் என்ற பெயரை அந்தக் கட்டுரையும் பரப்பியது. நாற்பது ஆண்டு கழித்து என் கிளையன்ட் இடங்களிலும் நான் காண்பது அதுதான். ஒரு சின்னப் பழுது முதலில் வரும். பயத்தில் பல கைகள் உள்ளே போகும். பிறகு வரும் பழுது எல்லாம் அந்தக் கைகள் செய்தது.

உங்களில் பலர் இப்போதுதான் வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கிறீர்கள். சேர்ட்டிஃபிகேட் எல்லாரிடமும் இருக்கு. ஒரு சிஸ்டம் விழுந்து, எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தும்போது, கையைக் கட்டிக்கொண்டு "கடைசியா என்ன மாத்தினது? எப்ப விழுந்தது? லொக்கை ஒருக்கா காட்டுங்கோ" என்று அமைதியாகக் கேட்கிற ஆள்தான் குறைவு. அந்தப் பழக்கத்தை ஒரு கொம்பனியின் ப்ரொடக்‌ஷனில் பழக விட மாட்டார்கள். உங்கள் பேஸ்மென்ட்டில் இருக்கும் பெட்டி இலவசமாகப் பழக்கித் தரும், நீங்கள் அதை அவசரப்பட்டு அழிக்காவிட்டால்.

ஆகவே இன்றைக்கு இரண்டு வேலை. படங்களின் பிரதியை வெளியே எடுங்கோ. கொப்பியின் முதல் பக்கத்தில் ஆறு பத்தி கீறுங்கோ. மூன்று விழுகை பதிவானதும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இந்த மின்னஞ்சலுக்கே பதிலாக அனுப்புங்கோ. நல்ல மர்மம் உள்ளவற்றை அடுத்த எபிசோட்டில் எல்லாரும் சேர்ந்து பிரித்துப் பார்ப்போம். "சும்மா விழுது" என்று மட்டும் எழுதி அனுப்பினால், என்ன கேட்பேன் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.